பழைய அக்குவா எடுக்கலாமா, பெற்றோல் காரோடு நிற்பதா? விசுவமடுவிலிருந்து ஒரு கேள்வி

விசுவமடு_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். கார் விஷயத்தில் முடிவெடுக்க முடியாமல் மூன்று வாரமாகத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கிறேன். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வீடு விசுவமடுவில், வேலை கிளிநொச்சியில். போகவர ஏறக்குறைய 45 கிலோமீற்றர். இவ்வளவு காலமும் மோட்டார் சைக்கிள்தான். இப்போது அப்பாவை மாதம் இரண்டு முறை யாழ்ப்பாணத்துக்கு கிளினிக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் ஏற்றி இறக்க அவரால் ஏலாது. வாடகைக்கு வான் பிடித்தால் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது.

கையில் 40 இலட்சம் இருக்கிறது, ஒரு துண்டுக் காணி விற்ற காசையும் சேர்த்து. கனடாவில் இருக்கும் அண்ணன் 15 தருகிறேன் என்கிறார். மிச்சத்துக்கு லீசிங்தான்.

வவுனியாவில் ஒரு விற்பனை நிலையத்தில் 2013 ரொயோட்டா அக்குவா ஒன்று நிற்கிறது, பெற்றோல் எஞ்சினும் பற்றரி மோட்டாரும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட். வெள்ளை நிறம், மீற்றரில் 68,000, கேட்கும் விலை 68 இலட்சம். கிலோமீற்றருக்கு நூறு ரூபாய் என்று கணக்குப் பார்த்து விலை போட்டார்களோ தெரியவில்லை. இன்னொரு பக்கம், தர்மபுரத்தில் தெரிந்த ஒருவரின் 2007 ரொயோட்டா அக்சியோ. வெறும் பெற்றோல் கார். 60 இலட்சம் என்கிறார்.

மாமா சொல்கிறார், "ஹைபிரிட் பற்றரி செத்தால் காரும் செத்தது, வன்னியில் அதைத் திருத்த ஆளில்லை" என்று. அண்ணன் போனில், "இந்தக் காலத்தில் யாராவது பெற்றோல் கார் வாங்குவார்களா" என்கிறார். யார் சொல்வது சரி?

கச்சான்_கடை

தம்பி, பேசாமல் அக்சியோவை எடுங்கள். எந்த மரத்துக்குக் கீழே நின்றாலும் திருத்த ஒருவர் வருவார்.

மல்லாவி_மச்சான்

கச்சான் அண்ணை எப்போதும் இப்படித்தான். நான் ஏழு வருடமாக அக்குவா ஓடுகிறேன். மல்லாவியிலிருந்து மாங்குளம், அங்கிருந்து வவுனியா, சில நாட்களில் கொழும்பு. ஏ9 வீதியில் 70இல் நிதானமாகப் பிடித்தால் லீற்றருக்கு 21, 22 தருகிறது. ஏசி போட்டு நான்கு பேர் ஏறினால் 19. ஐந்தாம் வருடம் பற்றரி லைட் வந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் மிச்சம் பிடித்த பெற்றோல் காசு பற்றரி விலையைத் தாண்டிவிட்டது.

2022ஐ மறந்துவிட்டீர்களா? யூன் கடைசியில் 92 பெற்றோல் 470 ரூபாய். பிறகு கியூஆர் பங்கீட்டு அட்டை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர். என் பக்கத்து வீட்டுக்காரர் வானை ஒட்டுக் கொட்டிலில் விட்டுவிட்டுச் சைக்கிள் எடுத்தார்கள். அந்த 20 லீற்றரில் நான் வாரம் முழுக்க ஓடினேன், மாமியார் வீட்டுக்கும் போய் வந்தேன்.

பழைய_லொறி

பிள்ளைகள் ஹைபிரிட் ஹைபிரிட் என்கிறீர்கள். யுத்த நேரத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் ஓடாத ஹைபிரிட்டா? சென்ற் போத்தலில் இரண்டு சொட்டுப் பெற்றோல் அடித்துக் கிளப்பி, கிளம்பியதும் மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களுக்கு என்ன பெயர்? அதற்குப் பற்றரியும் இல்லை, வாரன்ரியும் இல்லை. புகை மட்டும் இருந்தது. பின்னால் இருந்து வருகிறவர் வீட்டுக்குப் போய்க் குளித்தாலும் மணம் போகாது.

நான் சொல்லவருவது, திருத்த ஆளில்லை என்பதை இந்த ஊர்க்காரர் சொல்லக் கூடாது. ஆள் வருவான். சாமானும் வரும். காசுதான் கேள்வி.

கணக்கு_ரீச்சர்

தம்பி, உங்கள் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். வேலைநாள் 22 என்றால் 990 கிலோமீற்றர். யாழ்ப்பாணம் இரண்டு முறை, ஒரு தடவை போகவர 155 என்று வைத்தால் 310. ஆக மாதம் 1,300.

அக்குவா லீற்றருக்கு 20 என்றால் 65 லீற்றர். அக்சியோ 13 என்றால் 100 லீற்றர். வித்தியாசம் 35 லீற்றர். பெற்றோல் 300 ரூபாய் என்று ஒரு சுற்றெண்ணாக எடுத்தால் மாதம் 10,500, வருடம் 1,26,000.

ஆனால் அக்குவாவுக்கு 8 இலட்சம் கூடக் கொடுக்கிறீர்கள். அந்த 8 இலட்சத்தைப் பெற்றோலில் மீட்க ஆறு வருடத்துக்கு மேல் வேண்டும். இதற்குள் பற்றரி மாற்ற நேர்ந்தால் இன்னும் இரண்டு மூன்று வருடம். லீசிங் வட்டியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. 40ம் 15ம் 55. அக்குவாவுக்கு 13 இலட்சம் கடன், அக்சியோவுக்கு 5.

மல்லாவித் தம்பி சொன்ன கணக்கும் பிழையில்லை. அவர் மாதம் மூவாயிரம் கிலோமீற்றர் ஓடுகிறவராக இருப்பார். ஓட்டம் கூடக்கூட ஹைபிரிட் இலாபம். வீட்டு வாசலில் நிற்கும் கார் எந்த ஜாதியானாலும் நட்டம்தான்.

இன்னொன்று, ஹைபிரிட்டின் பெரிய இலாபம் நெரிசலில். கொழும்பில் நின்று நின்று போகும்போது பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் பற்றரிக்கு மின்சாரம் திரும்பி வரும். பரந்தன்-முல்லைத்தீவு வீதியில் மாடு குறுக்கே வந்தால்தான் நீங்கள் பிரேக் பிடிப்பீர்கள்.

மல்லாவி_மச்சான்

ரீச்சர், அந்த ஏ35 வீதியில் மாட்டுக்குப் பிரேக் பிடித்தே பற்றரி நிறைந்துவிடும். ஆறு மணிக்குப் பிறகு வந்து பாருங்கோ.

வெசல்_வாசகன்

அக்குவாவை விட்டுவிட்டு ஹொண்டா வெசல் ஹைபிரிட் பாருங்கள். உயரம் கூட, கிரவல் வீதிக்கு அடி தட்டாது.

கராஜ்_பாஸ்

வெசல் ஆசை காட்டாதீர்கள். நல்ல கார்தான், ஆனால் இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ். மெதுவாக ஊரும்போது உதறத் தொடங்கினால் அதன் வேலை செலவான வேலை. அந்தக் கியர் அமைப்புக்காக ஆரம்ப காலத்தில் ஜப்பானிலேயே ஹொண்டா பல தடவை வாகனங்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்தது. வீதி உயரம் வேண்டும் என்பதற்காக மட்டும் அதை எடுக்கச் சொல்லமாட்டேன்.

தம்பிக்கு ஆறுதலாக எழுதுகிறேன். நான் கொழும்பில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டு இப்போது கிளிநொச்சியில் கராஜ் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு மூன்று நான்கு ஹைபிரிட் வருகிறது. ஆளில்லை என்று மாமா சொன்னது பத்து வருடத்துக்கு முந்திய கதை.

முதலில் அக்குவாவுக்குள் என்ன இருக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள். 1.5 லீற்றர் எஞ்சின். பின்சீற்றுக்குக் கீழே 20 துண்டுகள் சேர்ந்த நிக்கல் பற்றரி, மொத்தம் 144 வோல்ட். ஸ்ரார்ட்டர் மோட்டாரும் இல்லை, ஒல்டனேற்றரும் இல்லை. அந்த இரண்டு வேலையையும் ஹைபிரிட் மோட்டாரும் இன்வேற்றரும் பார்த்துக்கொள்ளும். கியர்பொக்ஸில் பெல்ட் கிடையாது, பல்சக்கரம்தான். அதாவது வழமையான காரில் உடைகிற பல சாமான் இதில் இல்லவே இல்லை. அந்தக் கியர்பொக்ஸ் பழுதாகி என்னிடம் வந்தது இதுவரை ஒன்றுகூட இல்லை.

பழுதாகிறது எது? பற்றரி, பிரேக் பம்ப், ஏசி. மூன்றையும் வன்னிக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன்.

பற்றரிக்கு எதிரி சூடு. சூட்டைத் தணிக்கக் காருக்குள் இருக்கும் காற்றை ஒரு சின்ன பான் இழுத்துப் பற்றரிக்கு ஊதும். அந்த வாய் பின்சீற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நம்மவர்கள் அதன்மேல் உரப்பையை வைப்பார்கள், பிள்ளையின் புத்தகப்பையை வைப்பார்கள். போதாததற்குக் கிரவல் புழுதி. ஒட்டுசுட்டான் பக்கமிருந்து வந்த காரொன்றில் அந்தப் பானைக் கழற்றினேன். பான் இதழே தெரியவில்லை, செம்மண் அடை. அந்தப் பற்றரி செத்தது வயதினால் இல்லை, மூச்சு முட்டி. வைகாசி, ஆனி வெயிலில் கண்ணாடியை மூடி வெளியே நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது எலி. வயல் பக்கம் வீடென்றால் கட்டாயம் கவனியுங்கள். பானுக்குள் கூடு கட்டும், வயரைக் கடிக்கும். வாகனப் புத்தகத்தைக் கேட்டால் ஒன்றும் சொல்லாது, எலிப்புழுக்கைதான் காரின் உண்மையான சரித்திரம் சொல்லும்.

பிரேக் பம்ப் எப்படிப் பார்ப்பது? காரைப் போட்டு, ஓடத் தயார் என்று காட்டும் ரெடி லைட் வந்ததும் கேளுங்கள். பம்ப் சில விநாடி ஓடி நிற்கும். காலைப் பிரேக்கில் வைக்காமல் சும்மா இருங்கள். நீங்கள் தொடாமலே அது அடிக்கடி ஓடி ஓடி நின்றால் உள்ளே அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். அந்தச் சாமானின் விலை பற்றரி விலைக்குப் பக்கத்தில் வரும். இதை யாரும் விளம்பரத்தில் எழுதமாட்டார்கள்.

ஏசி விஷயம் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. இதன் கொம்பிரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, உயர் மின்சாரத்தில் ஓடுவது. அதற்கு மின்சாரம் கடத்தாத தனி எண்ணெய் வேண்டும். தெருவோரத்தில் காஸ் அடிக்கிறவர் சாதாரண எண்ணெயை விட்டால் மின்கசிவு காட்டி முழுக் காரையும் நிறுத்திவிடும். ஆகவே, "ஏசி எங்கே செய்தீர்கள்" என்று பழைய சொந்தக்காரரிடம் கேளுங்கள்.

பற்றரி செத்துவிட்டது என்று கட்டி இழுத்துவந்த கார்களில் பாதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. 12 வோல்ட் சின்னப் பற்றரி இறங்கியிருக்கும், அவ்வளவுதான். அது இறங்கினால் ரெடி வராது. ஆட்கள் பதறிக் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

வவுனியாக் காரைப் பற்றி: பார்க்காமல் சொல்லமாட்டேன். ஸ்கானர் போட்டுப் பாருங்கள். பற்றரித் துண்டுகளுக்கிடையே வோல்ட் வித்தியாசம் ஓட்டத்தில் எப்படி என்று பார்க்க வேண்டும். நிறுத்திவைத்துப் பார்ப்பது வீண். வேண்டுமானால் பொடியன் ஒருவனை அனுப்புகிறேன், போக்குவரத்துக் காசு மட்டும் கொடுங்கள்.

கச்சான்_கடை

பாஸ், இவ்வளவு பார்த்துக் கார் வாங்குவதைவிடப் பெண் பார்த்துவிடலாம்.

ஸ்கார்பரோ_அத்தான்

நான் ஒரு அனுபவம் சொல்கிறேன். 2018இல் ஊருக்கு வந்தபோது அக்குவா ஒன்று எடுத்து முள்ளியவளையில் மச்சாள் வீட்டில் விட்டேன், வருடத்துக்கொருமுறை வந்தால் ஓடலாம் என்று. பிறகு கொரோனா, அடுத்தது டொலர் பிரச்சினை. மூன்று வருடம் கழித்து வந்து பார்த்தால் தறப்பாளுக்குக் கீழே அப்படியே நிற்கிறது, கழுவித் துடைத்து. மச்சாள் நன்றாகத்தான் பார்த்தா. பெரிய பற்றரி போய்விட்டது. மூன்று இலட்சத்துக்கு மேல் செலவு.

கராஜ்_பாஸ்

அத்தான், மச்சாளில் பிழையில்லை. நிக்கல் பற்றரி சும்மா நின்றாலும் தானாக இறங்கும். அடியோடு இறங்கினால் எழும்பாது. வாரம் ஒருமுறை ரெடி போட்டு அரைமணித்தியாலம் ஓடச் சொல்லியிருந்தால் போதும். வன்னியில் வெளிநாட்டுக்காரரின் கார்கள் இப்படித்தான் சாகின்றன. விற்பனைக்கு வரும்போது "மிகக் குறைந்த ஓட்டம், வெளிநாட்டவர் கார்" என்று எழுதியிருப்பார்கள். நான் அந்த வரியைக் கண்டால் இரண்டு மடங்கு கவனமாகிவிடுவேன்.

விசுவமடு_தம்பி

எல்லோருக்கும் நன்றி. பாஸ் அனுப்பிய தம்பியுடன் நேற்று வவுனியா போய் வந்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

கார் பார்க்க மினுமினுவென்று இருந்தது. டயர் புதிது, சீற் உறை புதிது, உள்ளே எலுமிச்சை வாசம். ஸ்கானர் போடப் போகிறோம் என்றதும் விற்பனைக்காரரின் முகம் மாறியது. "அதைப் போட்டால் கம்பியூட்டர் குழம்பும்" என்றார். அரைமணி இழுபறிக்குப் பிறகு விட்டார்.

பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை. எனக்குச் சந்தோஷம். தம்பிதான் சிரித்தான். அண்மையில் யாரோ எல்லாக் குறியீட்டையும் அழித்திருக்கிறார்கள் அண்ணா, காரின் சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று காட்டுகிறது, நாம் வருவதற்கு முன்தான் அழித்திருப்பார்கள் என்றான்.

ஓடிப் பார்த்தோம். ஓமந்தைப் பக்கம் போகும்போது பற்றரிக் கோடு நிறைந்திருந்தது. ஒரு சின்ன ஏற்றத்தில் மளமளவென்று இரண்டு கோட்டுக்கு வந்தது, இறக்கத்தில் திரும்ப மளமளவென்று நிறைந்தது. தம்பி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வந்து நிறுத்திய பிறகு அவன் பின்சீற் பெல்ட்டை அடிவரை இழுத்தான். வெளியே இருந்த ஒரு முழம் சுத்தம், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் பழுப்பாக ஒரு கோடு. சேற்று அடையாளம். கார்ப்பெற்றைக் கொஞ்சம் தூக்கினால் சீற் ஆணிகளில் துரு. பற்றரி பின்சீற்றுக்குக் கீழே என்று பாஸ் எழுதியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தண்ணீர் சீற் வரை வந்திருந்தால் பற்றரிக்குள்ளும் போயிருக்கும்.

கடைசியாகச் சேசி இலக்கத்தை வைத்து ஜப்பானில் விற்றபோது ஓட்டமும் நிலைமையும் எழுதிய ஏலத் தாளை இணையத்தில் காசு கட்டி எடுத்தேன். 2016இல் ஏலம் போனபோது ஓட்டம் 71,000. இப்போது மீற்றரில் 68,000. இலங்கைக்கு வந்த பிறகு கார் பின்பக்கமாக ஓடியிருக்கிறது.

பழைய_லொறி

ரிவேர்ஸில் ஓடினால் பெற்றோல் திரும்பி வருமா என்றும் கேட்டிருக்கலாம்.

மல்லாவி_மச்சான்

எந்த வெள்ளமோ? 2016 மேயில் களனி பெருகிக் கொலன்னாவை, கடுவெல பக்கம் எத்தனையோ கார் நனைந்தது. இங்கேயும் 2018 டிசம்பரில் இரணைமடு திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டு மாவட்டமும் தண்ணீருக்குள். அந்தக் கார்களெல்லாம் எங்கே போயின? கழுவிப் பூசி, வேறு மாவட்டத்துக்கு விற்றிருப்பார்கள். கொழும்பு வெள்ளக் கார் வன்னிக்கு வரும், வன்னி வெள்ளக் கார் கண்டிக்குப் போகும்.

கணக்கு_ரீச்சர்

விட்டது நல்லது. அடுத்ததைப் பார்க்கும்போது வாகனப் பதிவுப் புத்தகத்தையும் பாருங்கள் தம்பி. பழைய சொந்தக்காரர்கள் எத்தனை பேர், லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் உரிமையாளராக நிற்கிறதா, இயந்திர இலக்கமும் சேசி இலக்கமும் காரில் உள்ளதோடு பொருந்துகிறதா. "ஓப்பன் பேப்பர்தான், கையெழுத்து வைத்துத் தருகிறேன், பெயரைப் பிறகு மாற்றுங்கள்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். என் தங்கை அப்படி ஒரு வான் வாங்கினாள். புத்தகத்தில் இருந்தவர் வெளிநாடு போய்விட்டார். பெயர் மாற்ற இரண்டு வருடம் அலைந்தாள்.

கச்சான்_கடை

நான் முதலிலேயே சொன்னேன். அக்சியோ.

விசுவமடு_தம்பி

கச்சான் அண்ணை, உங்கள் பேச்சைக் கேட்டு அக்சியோவையும் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் பதினெட்டு வருடம் ஓடிய கார், எஞ்சினில் எண்ணெய்க் கசிவு, கியர் மாறும்போது ஒரு உதை. பாஸ் பார்த்துவிட்டு, "இதுவும் செலவு வைக்கும், பெற்றோல் கார் என்றால் பழுதே வராது என்று எவர் சொன்னது" என்று கேட்டார். 60இலிருந்து ஒரு ரூபாய்கூட இறங்கமாட்டேன் என்று அவர் நிற்கிறார்.

இதற்கிடையில் இன்னொன்று வந்திருக்கிறது. உருத்திரபுரத்தில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவரின் 2014 அக்குவா. மீற்றரில் 1,62,000. கேட்கும் விலை 64. ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் போகவே மனமில்லை. பாஸ்தான் "போய்ப் பார், கேட்டுப் பார்" என்றார்.

மல்லாவி_மச்சான்

ஒன்றரை இலட்சத்துக்கு மேல் ஓடிய ஹைபிரிட்டா? எனக்கே கொஞ்சம் பயம்.

கராஜ்_பாஸ்

ஏன் பயம்? 1,62,000 என்று அவர் சொல்கிறார், கார் சொல்கிறது, ரசீதும் சொல்கிறது என்றால் அது நல்ல 1,62,000. மினுக்கிய 68,000ஐவிட எனக்கு அது பிடிக்கும். அந்த அதிபர் ஐந்தாயிரம் கிலோமீற்றருக்கு ஒருக்கால் எண்ணெய் மாற்றுகிறவர், தேதி தவறினால் நமக்குப் போன் போட்டு ஏசுகிறவர். கார் எனக்குத் தெரியும் என்பதை மறைக்கவில்லை. அதனால்தான் என் வாயால் விலை பேசமாட்டேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். வேறு ஒரு கராஜிலும் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கு_ரீச்சர்

பாஸ் அதை வெளிப்படையாகச் சொன்னது நல்லது. தம்பி, வேறு கராஜ் என்பதைக் கட்டாயம் செய்யுங்கள். பாஸில் நம்பிக்கை இல்லை என்பதற்காக இல்லை, உங்கள் மாமாவின் வாயை அடைக்க.

விசுவமடு_தம்பி

பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் அப்பாவை கிளினிக்கில் இருத்திவிட்டு, அதிபரையும் காரையும் கூட்டிக்கொண்டு இன்னொரு கராஜுக்குப் போனேன். அதிபர் ஒன்றும் சொல்லாமல் வந்தார். முதலில் யாழ்ப்பாணம் போகிற வழியில் ஆனையிறவில் நிறுத்தி உப்பளத்தைப் பற்றிப் பாடமும் எடுத்தார்.

சுருக்கமாக: பெரிய பற்றரி 2022இல் புதிதாக மாற்றியது, ரசீது கையில் இருக்கிறது. பழைய பற்றரியில் செத்த துண்டை மட்டும் மாற்றிய பற்றரி இல்லை, முழுதாகப் புதிது. துண்டுகளுக்கிடையே வித்தியாசம் ஓட்டத்தில் சின்னதாகத்தான் இருந்தது. பம்ப் சத்தம் மட்டும் அந்தக் கராஜ்காரருக்குப் பிடிக்கவில்லை. உடனே போகாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் ஒரு செலவு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முன் பம்பர் ஒருமுறை மாற்றியிருக்கிறது. மாடு என்று அதிபரே சொன்னார். பான் வாயைத் திறந்தால் புழுதியும் நெல் உமியும். எலி வந்துபோயிருக்கிறது, வயர் ஒன்றும் கடிபடவில்லை.

பம்ப் கதையை வைத்து 61க்குப் பேசினேன். அதிபர் பத்து நிமிடம் யோசித்துவிட்டு, "பிள்ளை பரிசோதித்துத்தானே கேட்கிறான்" என்று ஒத்துக்கொண்டார்.

கணக்கு_ரீச்சர்

61 என்றால் என் பழைய கணக்கு அப்படியே மாறுகிறது. அக்சியோவைவிட ஒரு இலட்சம்தான் கூட. பெற்றோலில் பத்து மாதத்தில் அது வந்துவிடும். கடனும் 6 இலட்சத்தோடு நிற்கும். வருடம் மிஞ்சும் காசில் பாதியை அந்தப் பம்புக்கு என்று வங்கியில் தனியாகப் போடுங்கள்.

ஸ்கார்பரோ_அத்தான்

வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டதே, கொஞ்சம் பொறுத்தால் விலை விழாதா?

மல்லாவி_மச்சான்

அத்தான், 2020 மார்ச்சில் பூட்டியதிலிருந்து "விழும் விழும்" என்று காத்திருந்தவர்கள் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்கள். திறந்தாலும் வரி நம் தலைக்கு மேலே நிற்கிறது. புதிதாக வருகிற கார் நம் விலையில் வராது. தம்பியின் அப்பாவுக்குக் கிளினிக் அடுத்த வாரம்.

விசுவமடு_தம்பி

எடுத்துவிட்டேன். பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று, இருவரும் நேரே போய்க் கையெழுத்து வைத்தோம். ஓப்பன் பேப்பர் இல்லை ரீச்சர். முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்தேன். அதற்காகவே கிளிநொச்சியிலிருந்து தெற்கே ஒரு ஓட்டம். கோவிலடியில் நிறுத்தியதும் ஹைபிரிட் வழக்கப்படி எஞ்சின் தானாக அடங்கியது. அப்பா, "என்ன, நின்றுவிட்டதா? அப்பவே மாமன் சொன்னான்" என்றார். கச்சான் இரண்டு சரை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

கராஜ்_பாஸ்

சந்தோஷம் தம்பி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவாருங்கள், பானைக் கழற்றிக் கழுவிவிடுவோம். இன்வேற்றருக்குத் தனியாக ஒரு கூலன்ட் போத்தல் இருக்கிறது, அதையும் மாற்றுவோம், அதிபர் அதை மட்டும் விட்டுவிட்டார். ஏசியை வேறு எங்கும் தொடவிடாதீர்கள். வீட்டில் காரை நெல் மூட்டைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறீர்களா?

விசுவமடு_தம்பி

இல்லை பாஸ், மாமரத்துக்குக் கீழே. பூனை ஒன்றும் இருக்கிறது, ஆனால் அது இப்போது பொனற்றுக்கு மேலேதான் படுக்கிறது. எஞ்சின் சூடு பிடித்துவிட்டது போல.

முதல் யாழ்ப்பாண ஓட்டம் முடிந்தது. போகவர 157 கிலோமீற்றர், லீற்றருக்கு 21.4 காட்டியது.

கணக்கு_ரீச்சர்

ஏசி போட்டா, போடாமலா?

விசுவமடு_தம்பி

அப்பாவுக்கு ஏசி ஒத்துவராது. போகும்போது போடவில்லை. வரும்போது பளை தாண்டி அவர் நித்திரையான பிறகு போட்டேன்.